பழைய வண்டியும் புதிய வர்ணமும்

திருவனந்தபுரத்தில் பட்டம் அரண்மனை என்றொரு மாளிகை உண்டு. திருவிதாங்கூரின் கடைசி மன்னராகிய ஸ்ரீ சித்திரைத் திருநாளின் இளவல், உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) வாழ்ந்த இல்லம் அது. அவர் மோட்டார் வண்டிகளிடம் அளவிறந்த பற்றுடையவர். 1950-களில் பெங்களூரில் பதிவான மெர்ஸிடிஸ் பென்ஸ் 180 வகை வண்டி ஒன்றை வாங்கித் தம் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார். அதன் எண் சி.ஏ.என். 42. வாங்கிய விலை சுமார் 12,000 ரூபாய் என்றும், அது ஓடிய தூரம் பல லட்சம் மைல் என்றும் செய்தித்தாள்கள் எழுதின. அந்தத் தூரத்தைக் கேள்வியுற்ற ஜெர்மானியக் கம்பெனியார் அவரைப் பாராட்டினர் என்றும், அந்த ஒன்றுக்கு ஈடாகப் புதிய வண்டிகள் இரண்டு தர முன்வந்தபோது அவர் இசையவில்லை என்றும் அவை கூறின. அவர் மறைந்த பின், 2022ஆம் ஆண்டில், அரச குடும்பத்தார் அந்த வண்டியை வாணிபப் பெருமகனார் எம். ஏ. யூசுப் அலிக்குப் பரிசாக அளிக்க எண்ணியுள்ளனர் என்ற செய்தி வெளியாயிற்று.

அந்தச் செய்தியைப் படித்தபோது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. இத்தகைய வண்டி ஒன்று புதிய கைக்கு மாறும்போது அதனை என்ன செய்வது? தேய்ந்த இருக்கையையும் மங்கிய வர்ணத்தையும் அப்படியே விட்டுவைப்பதா? அல்லது திருகாணி திருகாணியாகப் பிரித்து, தொழிற்சாலையிலிருந்து நேற்று வெளிவந்தது போல் ஆக்குவதா? பார்ப்பதற்கு எளிய வினாதான். ஆனால் இதற்கு விடை தேடியவர்கள் பலர், அதற்காகப் பெரும் பொருளையும் சில வேளை பெரும் வழக்குகளையும் செலவிட்டிருக்கிறார்கள். இக்கலை மிக நுணுக்கமாக வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கும் 'பிக் பிளாக்' எனப்படும் பெரிய எஞ்சின் பூட்டிய பந்தய வகை வண்டிகளைச் சுற்றியே அது மிகுதியாக வளர்ந்தது. ஆகவே முதலில் அந்த எஞ்சினைச் சற்று அறிந்துகொள்வோம்.

எஞ்சினின் அடிப்படை உறுப்பு, சிலிண்டர்கள் குடையப்பட்ட ஒரே இரும்பு வார்ப்பு. அதற்குப் பிளாக் என்று பெயர். அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனியார் 1955ஆம் ஆண்டில், எட்டுச் சிலிண்டர்களை நான்கு நான்காக 'வி' எழுத்தின் வடிவில் சாய்த்து வைத்த ஓர் எஞ்சினை வெளியிட்டனர். அதன் கொள்ளளவு 265 கன அங்குலம். கைக்கு அடக்கமானது, எடை குறைந்தது. பின்னாளில் அதுவே 'சிறிய பிளாக்' எனப் பெயர் பெற்றது. பத்தாண்டு கழித்து, 1965இல், அதைவிடப் பருத்த மற்றொரு வார்ப்பு வந்தது. அதுவே பெரிய பிளாக். சிறியதில் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 4.4 அங்குலம். பெரியதில் 4.84 அங்குலம். அரை அங்குலத்துக்கும் குறைந்த இந்த வேறுபாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிலிண்டரை எவ்வளவு அகலமாகக் குடையலாம், வால்வை எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்பவற்றை எல்லாம் முடிவு செய்வது அந்த இடைவெளியே. ஆகவே பெரிய பிளாக் என்பது கொள்ளளவைக் குறிக்கும் சொல் அன்று. வார்ப்பின் குலத்தைக் குறிக்கும் சொல். 1970இல் வந்த 400 கன அங்குலச் சிறிய பிளாக், 1965இல் வந்த 396 கன அங்குலப் பெரிய பிளாக்கைவிடக் கொள்ளளவில் மிகுந்தது. இதனை மறந்து, எண்ணைப் பார்த்தே குலத்தை முடிவு செய்து ஏமாந்தவர்கள் உண்டு.

இந்த எஞ்சின் ஏறிய வண்டிகளுள் பெயர் பெற்றது கார்வெட். 1953இல் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளிண்ட் நகரில் 300 வண்டிகளோடு தொடங்கிய இருவர் அமரும் வண்டி அது. மேற்கூடு தகரத்தால் ஆனதன்று, கண்ணாடி இழையால் ஆனது. 1966இல் அதில் 427 கன அங்குல எஞ்சினைப் பொருத்தினார்கள். நம் கணக்கில் அது ஏறக்குறைய 7 லிட்டர். எட்டுச் சிலிண்டர்களில் ஒன்றை மட்டும் எடுத்து அளந்தால் சுமார் 875 கன சென்டிமீட்டர். நம் நாட்டுச் சாலைகளை ஒரு தலைமுறைக் காலம் நிறைத்த மாருதி 800 வண்டியின் முழு எஞ்சினும் 796 கன சென்டிமீட்டர்தான்! அம்பாசடர் வண்டியின் எஞ்சின் 1,489. இரண்டு அம்பாசடர்களையும் ஐந்து மாருதிகளையும் ஒரே மூடிக்குள் அடைத்தது போன்றது அந்த 427.

1967ஆம் ஆண்டு வகையில் மூன்று கார்புரேட்டர்கள் வரிசையாக அமர்ந்த ஓர் எஞ்சின் இருந்தது. நகருக்குள் மெல்லச் செல்லும்போது நடுவில் உள்ளது ஒன்றே வேலை செய்யும். ஓட்டுபவர் காலை அழுத்தும்போது மற்ற இரண்டும் வாய் திறக்கும். அதன் ஆற்றல் 435 குதிரைச் சக்தி என்று விளம்பரம் செய்தார்கள். அக்காலத்து அமெரிக்க அளவை, எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, புகைக்குழாயின் மௌனிப்பான் முதலிய சுமைகள் இல்லாமல் அளந்த அளவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1972 முதல் அந்த அளவையை மாற்றிவிட்டனர். இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. அதே 1967இல் பந்தயத்துக்கென்றே எல் 88 என்ற வகையை 430 குதிரைச் சக்தி என்று குறித்து விற்றார்கள். உண்மை ஆற்றல் அதைவிட மிக அதிகம். சாதாரண வாடிக்கையாளர் அதனைக் கேட்டு வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே எண்ணைக் குறைத்துக் காட்டினர். அவ்வாண்டு வெளிவந்த 22,940 கார்வெட்டுகளில் எல் 88 இருபதே இருபது.

இத்தகைய எஞ்சின்களின் ஆயுள் நீளவில்லை. காற்றைத் தூய்மையாக வைப்பதற்கான சட்டம் 1970இல் வந்தது. 1971 முதல் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். 1973ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தன. 1974ஆம் ஆண்டு வகையோடு கார்வெட்டில் பெரிய பிளாக் முடிவுற்றது. பத்து ஆண்டுகளே நிலவிய ஒரு பொருளுக்கு அரை நூற்றாண்டு கழிந்தும் இத்தனை விலை இருப்பதற்கு அதன் அருமையும் ஒரு காரணம்.

விலை ஏறியதும் பொய்யும் ஏறியது. இங்கேதான் புதுப்பிக்கும் கலையின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கார்வெட் எஞ்சினின் முன்புறத்தில், வலப்பக்கச் சிலிண்டர் தலைக்குச் சற்று முன்னால், இழைத்துச் சமப்படுத்திய சிறு இடம் ஒன்று இருக்கும். அதில் எஞ்சின் எந்த ஆலையில் எந்த நாளில் கூட்டப்பட்டது, எந்த வகையைச் சார்ந்தது என்பவற்றைக் குறிக்கும் எழுத்துகளும், வண்டியின் வரிசை எண்ணின் பகுதியும் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டகத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒத்திருந்தால், இந்த எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்தது என்று பொருள். ஒத்திராவிட்டால் விலையில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே சிலர் அந்த இடத்தை மீண்டும் இழைத்து, வேண்டிய எண்ணைப் புதிதாகப் பொறித்துவிடுகிறார்கள். சிறிய எஞ்சினோடு பிறந்த வண்டி பெரிய எஞ்சினோடு பிறந்ததாக வேடம் போடுகிறது. தொழிற்சாலையில் இழைத்த உளியின் கோடுகள் எத்திசையில் ஓட வேண்டும் என்பதைப் பூதக்கண்ணாடியால் பார்த்தே மெய்யையும் பொய்யையும் பிரிக்கும் வல்லுநர்கள் இன்று இருக்கிறார்கள். 1974இல் நிறுவப்பட்ட கார்வெட் புதுப்பிப்போர் தேசியச் சங்கம் வண்டியைப் புள்ளியிட்டுத் தேர்வு செய்கிறது. தொழிலாளி அவசரத்தில் தெளித்த வர்ணம் எங்கே சிந்தியதோ அங்கேயே சிந்தியிருக்க வேண்டும். சுண்ணக்கட்டியால் இட்ட குறி எங்கே இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டிப்பு. தொழிற்சாலை செய்ததைவிட அழகாகச் செய்தாலும் புள்ளி குறையும்! நம் ஊர் டிங்கரிங் மேஸ்திரி இதைக் கேட்டால் சிரிப்பார். நன்றாகச் செய்ததற்கா தண்டனை என்பார். ஆயினும் ஏடு பெயர்த்து எழுதும் புலவர் மூலத்தில் இல்லாத அழகைத் தாமே சேர்த்துவிட்டால் தமிழறிஞர்கள் அவரைப் பாராட்டுவார்களா என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சங்கத்தின் கண்டிப்பு விளங்கும்.

இனி ஒரு நிகழ்ச்சி. கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிரீன் நகரில் கார்வெட் தேசியக் காட்சிச்சாலை இருக்கிறது. அந்த வட்டாரம் முழுதும் சுண்ணாம்புப் பாறை. நிலத்தடி நீர் பாறையைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கிய நாடு. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் விடியுமுன், காட்சிச்சாலையின் வட்டமண்டபத்துத் தளம் திடீரெனப் பிளந்து உள்வாங்கிற்று. எட்டு வண்டிகள் பள்ளத்தில் விழுந்தன. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாதலால் உயிர்ச் சேதம் இல்லை. வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கினார்கள். 2009ஆம் ஆண்டின் நீல நிற வண்டி ஒன்று, மேலே வந்ததும் எஞ்சின் கிளம்பித் தன் சக்தியாலேயே நகர்ந்தது. சில வண்டிகளோ பாறையின் கீழ் அகப்பட்டு அப்பளம் போல் நொறுங்கியிருந்தன.

எட்டையும் புதுப்பித்துவிடுவது என்றே முதலில் பேச்சு. பின்னர் மூன்றை மட்டும் புதுப்பித்தார்கள். அந்த நீல வண்டி, 1962ஆம் ஆண்டின் கறுப்பு வண்டி, 1992இல் வெளிவந்த பத்து லட்சமாவது வண்டி ஆகியவை அவை. மற்ற ஐந்தையும் நசுங்கியபடியே காட்சிக்கு வைத்துவிட்டனர். அவற்றைச் சீர்செய்வதாயின் பழைய வண்டியின் பெயரால் புதிய வண்டி ஒன்றைச் செய்வதாகத்தான் முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த முடிவு சரியானது என்பதே நம் கருத்து. பள்ளத்தில் விழுந்ததும் அந்த வண்டிகளின் வரலாற்றில் ஒரு பகுதியாகிவிட்டது அல்லவா?

பத்து லட்சமாவது வண்டியின் செய்தி இன்னும் சுவையானது. அதனைப் பிரித்தபோது, உள்மெத்தைகளின் பின்புறத்திலும் மறைவான உறுப்புகளிலும் கையெழுத்துகள் காணப்பட்டன. 1992இல் அந்த வண்டியைக் கூட்டிய தொழிலாளர்கள் தத்தம் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். வெளியார் எவரும் காணப்போவதில்லை என்று தெரிந்தே எழுதிய எழுத்துகள் அவை. உடைந்த உறுப்பை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது எளிய வேலை. ஆனால் எறிந்தால் அந்தப் பெயரும் போய்விடும். ஆதலால் கையெழுத்துள்ள உறுப்புகளைக் காப்பதற்கே பெரும்பாடு பட்டார்கள். 2015இல் அந்த வேலை முடிந்தது. வண்டியின் விலைமதிப்பைக் கொண்டு பார்த்தால் இது வீண் செலவு. நாம் அவ்வாறு பார்க்க விரும்பவில்லை.

இத்தகைய உழைப்பு நம் பக்கத்திலும் இருந்ததுண்டு. திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பஸ் போக்குவரத்து 1938 பிப்ரவரி 20இல் தொடங்கியபோது, லண்டனிலிருந்து வந்த ஸால்டர் என்பவரின் மேற்பார்வையில், இங்கிலாந்திலிருந்து சட்டகமும் எஞ்சினும் மட்டுமே வந்தன. மேற்கூட்டைக் கட்டியவர்கள் இந்நாட்டுத் தொழிலாளர்களே. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் சென்ற அந்த வழித்தடத்தை இன்றும் நம்மவர் பலர் விடுமுறைக்கு ஊர் போகப் பயன்படுத்துகின்றனர். அந்தக் கூடுகளைக் கட்டிய கைகளின் பெயர்கள் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

இனித் திருவனந்தபுரத்துத் தட்பவெப்பத்துக்கு வருவோம். பழைய வண்டிக்கு இந்நகரம் நல்ல இருப்பிடமன்று. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். சங்குமுகத்துக் கடற்கரையிலிருந்து வீசும் காற்றில் உப்பு. கார்வெட்டின் மேற்கூடு கண்ணாடி இழையால் ஆனதாதலால் துருப்பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இழை துருப்பிடிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குள், முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கும் இரும்புக் கூண்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்க மெக்கானிக்குகள் அதனைப் 'பறவைக்கூண்டு' என்பார்கள். மேலே வர்ணம் பளபளக்க, உள்ளே கூண்டு சத்தமின்றி அரித்துப் போகும். 1953இல் வெளிவந்த பென்ஸ் 180க்கு வேறு விதத் துன்பம். தனிச் சட்டகம் இன்றி மேற்கூடே வண்டியின் எலும்பாக அமைந்த முறை அது. ஆகவே கதவின் அடிப்பட்டையில் பிடிக்கும் துரு வெறும் அழகுக் குறை அன்று. வண்டியின் முதுகெலும்பில் பிடித்த நோய். பழைய வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள் வர்ணத்தைப் பார்ப்பதற்கு முன், தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நலம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவைப் பசையால் அடைத்த தகடு மொத்தென்று ஒலிக்கும்.

எரிபொருளிலும் ஒரு தொல்லை உண்டு. அக்காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு வந்து அமரும் இரும்பு விளிம்பு தேயாமல் அது காத்தது. ஈயம் மனிதரின் உடலுக்கு நஞ்சாதலால் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியாவில் அதனை நிறுத்தினார்கள். செய்தது நன்றே. ஆனால் பழைய எஞ்சினில் கடினமான எஃகு வளையங்களை லேத் பட்டறையில் பதிக்க வேண்டிவரும். 2025ஆம் ஆண்டுக்குள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியில் அது நீரோடு சேர்ந்து அடியில் தனியே தங்கிவிடும். பழைய ரப்பர்க் குழாய்களும் தக்கை அடைப்புகளும் அதற்குத் தாக்குப்பிடிப்பதில்லை. 11க்கு 1 என்ற அழுத்த விகிதமுள்ள 427 எஞ்சினுக்குச் சாதாரணப் பெட்ரோலின் தரமும் போதாது. சிலிண்டருக்குள் உளி கொண்டு தட்டுவது போன்ற ஓசை கேட்கும். ஓசையைக் கேட்டும் ஓட்டினால் பிஸ்டன் உடையும். வண்டியை நீண்டநாள் நிறுத்துவதாயின் தொட்டியையும் கார்புரேட்டரையும் வறட்டிவிடுவது ஒன்றே வழி.

உதிரி உறுப்பு தேடுவதில் தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் அன்பர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னைக்குப் புதுப்பேட்டை போல், கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், பம்பாய்க்குச் சோர் பஜார், தில்லிக்குக் கரோல்பாக். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் 1954 வரை பம்பாய்ச் சிவ்ரியில் ஷெவர்லே வண்டிகளைக் கூட்டி விற்றவர்கள். ஆகையால் அக்காலத்து அமெரிக்க வண்டிகளின் உறுப்புகள் சில இன்னும் மூலை முடுக்குகளில் கிடக்கின்றன. விலை பேசுமுன் உறுப்பில் வார்த்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாமல் மூல வடிவிலேயே உள்ள இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு அவை பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். இவ்வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. காட்சிக்கும், பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும், பெட்ரோல் நிரப்பவும், பழுது பார்க்கவும் சாலையில் கொண்டுபோகலாம். இடப்பக்கம் திசைச்சக்கரம் உள்ள அமெரிக்க வண்டியாயின், மோட்டார் வண்டிச் சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி சைகை காட்டும் கருவி பழுதின்றி இயங்க வேண்டும். 'மூல வடிவம்' என்ற சொல்லை இவ்விதிகளில் கவனிக்க. அழகுக்காக எஞ்சினை மாற்றிப் பெரியதாகப் பொருத்துபவர் விலையை மட்டுமன்றிப் பதிவையும் இழக்க நேரிடும்.

புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். முன்பே பதிவான வண்டிகள் தத்தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.